கூட்டாளிக்கு வேலை போய்விட்டது, சீட்டுக் காசும் நிற்கிறது

கேள்வி: எனக்கு வயது 39. திருகோணமலையில் சீனக்குடாப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நிரந்தர வேலை. என்னோடு பத்து வருசமாக வேலை செய்த கூட்டாளி ஒரு வெல்டர். அவன் தொழிற்சாலைக்கு ஆள் கொடுக்கிற மேன்பவர் கொம்பனி மூலம் வந்தவன். நாலு மாதத்துக்கு முதல் அவனையும் இன்னும் சில பேரையும் நிற்பாட்டிவிட்டார்கள். ஏதோ ஒரு இங்கிலீஸ் கடிதத்தில் கையெழுத்தும் வாங்கினார்களாம். இரண்டு பேரும் பாலையூற்றில் இருந்து என்னுடைய மோட்டர் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வருவோம். வேலை முடிய சந்தியில் தேத்தண்ணி குடிக்காமல் வீட்டுக்குப் போனதில்லை. இப்போது போன் எடுக்கிறான் இல்லை, சந்தையில் கண்டால் மற்றப் பக்கத்தால் போகிறான். நான் பிடிக்கிற சீட்டில் (பத்துப் பேர், மாதம் பத்தாயிரம்) இரண்டாம் மாதமே எடுத்துவிட்டான். இப்போது ஏழாம் மாதம். நாலு மாதம் கட்டினான், மூன்று மாதமாக இல்லை. இரண்டு மாதம் என் காசைப் போட்டு ஓட்டினேன், இந்த மாதம் ஏலவில்லை. மற்றவர்கள் என்னைப் பிடிக்கிறார்கள். பகலிலேயே குடிக்கிறான் என்றும் கதை வருகிறது. காசைக் கேட்டால் சிநேகிதம் போகும், கேட்காவிட்டால் என் பெயர் போகும். அவன் இப்படி ஒளிப்பதற்கு நான் என்ன பிழை விட்டேன்?

பதில்:

தம்பி, நீங்கள் பிழை ஒன்றும் விட்டதாகத் தெரியவில்லை. அதைப் பிறகு பார்ப்போம். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரிதான் முதல் அவசரம்: நிற்பாட்டி நாலு மாதம்.

15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஒரு முதலாளி, ஒழுக்கக் குற்றம் எதுவும் இல்லாத ஊழியர் ஒருவரை, அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ இல்லாமல் நிற்பாட்ட முடியாது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. முந்திய 12 மாதத்துக்குள் 180 நாள் வேலை செய்திருந்தால் போதும், உங்கள் கூட்டாளிக்கு அது தாராளமாக இருக்கும். ஆனால் முறைப்பாடு நிற்பாட்டிய நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் தொழில் திணைக்களத்துக்குப் போய்ச் சேர வேண்டும். லேபர் ட்ரிபியூனல் என்கிற தொழில் நியாய சபைக்குப் போவதென்றாலும் அதே ஆறு மாதம்தான். கையில் இருப்பது இரண்டு மாதம். நீங்கள் அவருக்குச் செய்யக்கூடிய ஆகப் பெரிய உதவி, அந்த இரண்டு மாதத்துக்குள் ஒரு நாள் லீவு போட்டு அவரைத் தொழில் காரியாலயத்துக்கு மோட்டர் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவது.

அந்த இங்கிலீஸ் கடிதத்துக்கு வருவோம். இப்படியான கடிதங்கள் அநேகமாக "நானாக விரும்பி விலகுகிறேன்" என்று எழுதியவையாகத்தான் இருக்கும். சட்டம் கேட்கிற சம்மதத்தை முற்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிற வேலை. கையெழுத்து வைத்தாயிற்று, இனி என்ன செய்ய என்று நினைத்தே பலர் திணைக்களப் பக்கம் போவதில்லை. விளங்காத மொழியில், வாசித்துக் காட்டாமல், "வைத்தால்தான் கடைசிச் சம்பளம்" என்று சொல்லி வாங்கியிருந்தால் அதை அப்படியே முறைப்பாட்டில் எழுதலாம். தமிழிலேயே எழுதலாம். எடுபடுகிறதா இல்லையா என்பதை விசாரிப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எழுதாமல் விட்டால் விசாரணையே இல்லை.

அந்தக் கடிதம் முழுக்க அவருக்கு எதிராகவே போனாலும் மூன்று காசு அவருடையது. தானாக விலகியவருக்கும் அது உண்டு.

முதலாவது பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி ஒரே முதலாளியிடம் ஐந்து வருசம் முடித்தவருக்கு, வருசத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம். மாதச் சம்பளக்காரர் அல்லாமல் நாட்கூலி என்றால் வருசத்துக்கு 14 நாள் கூலி. வாழ்க்கைச் செலவுப் படியும் கணக்கில் வரும், ஓவர்டைம் வராது. பேச்சுக்கு அவருடைய கடைசிச் சம்பளம் 42,000 ரூபா, சேவை பத்து வருசம் என்று வைத்தால் 21,000 தர 10, அதாவது 2,10,000 ரூபா. விலகி 30 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டிய காசு இது. மேன்பவர் கொம்பனிகளில் ஒரு சிக்கல் உண்டு. இடையில் கொம்பனியின் பெயர் மாறும், ஆள் அதே ஆள், கேட்டும் அதே கேட். பெயர் மாறிய நாளோடு பழைய சேவை முடிந்துவிட்டது, புதிதில் ஐந்து வருசம் ஆகவில்லை என்பார்கள். அதை நம்பித் திரும்பி வர வேண்டாம். இரண்டு பெயரிலும் உள்ள சம்பளத் துண்டுகளைத் தொழில் உத்தியோகத்தர் முன்னால் வைத்து அவரையே தீர்மானிக்க விடுங்கள்.

இரண்டாவது ஈ.டி.எப் என்கிற ஊழியர் நம்பிக்கை நிதி. முதலாளி மட்டும் சம்பளத்தில் 3 வீதம் போடுகிற நிதி. வேலை விட்டவர் வயது பார்க்காமல் எடுக்கலாம், ஆனால் ஐந்து வருசத்துக்கு ஒரு தடவைதான். 42,000க்கு மாதம் 1,260 ரூபா. முந்திய வருசங்களில் சம்பளம் குறைவாக இருந்திருக்கும் என்பதால் பத்து வருசத்தை இதே தொகையால் பெருக்கிப் பார்க்க வேண்டாம். ஆனாலும் அது கணிசமான காசு. மூன்றாவது ஈ.பி.எப் என்கிற ஊழியர் சேமலாப நிதி: ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம். வேலை போய்விட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஆண்களுக்கு 55 வயதுக்கு முன் அது கைக்கு வராது. "எடுத்துத் தாறன்" என்று யாராவது புறோக்கர் வந்தால் அடையாள அட்டைப் பிரதிகூடக் கொடுக்க வேண்டாம். ஆனால் மாதாமாதம் கட்டினார்களா என்று பார்க்க வேண்டியது கட்டாயம். சம்பளத் துண்டில் கழித்துவிட்டு நிதிக்கு அனுப்பாமல் விடுவது நடக்கிற காரியம்தான், அதற்கும் முறைப்பாடு அதே தொழில் காரியாலயத்தில்.

கொண்டுபோக வேண்டிய பையில் என்ன இருக்க வேண்டும்: அடையாள அட்டை, நியமனக் கடிதம் இருந்தால் அது, அகப்பட்ட சம்பளத் துண்டுகள், ஈ.பி.எப் இலக்கம் (துண்டிலேயே இருக்கும்), அந்த நிதியின் கணக்கு அறிக்கைகள், கையெழுத்து வைத்த கடிதத்தின் பிரதி. பிரதி தரவில்லை என்றால் தரவில்லை என்பதையும் எழுதுங்கள். துண்டுகளைத் தொலைத்திருந்தால் பயப்பட வேண்டாம். சம்பளம் விழுந்த வங்கிப் புத்தகம், கேட் பாஸ், "நாளைக்கு நைட் ஷிப்ட்" என்று சுப்பவைசர் அனுப்பிய வட்ஸ்அப் செய்தி, எல்லாம் உதவும். போன் மாற்ற முன் அவற்றை ஸ்கிரீன் ஷொட் எடுக்கச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் யோசித்துச் செய்யுங்கள்: சாட்சியாக உங்கள் பெயரைப் போடுவது. நீங்கள் இன்னும் அதே கேட்டுக்குள்தான் போய்வருகிறீர்கள். கூடப் போய் வாங்கில் இருப்பதற்கு ஆபத்தில்லை, பெயர் போடுவதை வீட்டிலும் கேட்டு முடிவெடுங்கள்.

இவ்வளவையும் அவரே செய்திருக்கலாமே, நாலு மாதம் சும்மாதானே இருந்தார் என்று தோன்றும். அங்கேதான் உங்கள் கடைசிக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் ஒஸ்ரியாவில் மரியென்தால் என்ற சிற்றூரில், ஊருக்கே சோறு போட்ட நெசவாலை மூடப்பட்ட பிறகு ஆய்வாளர்கள் போய் இருந்து பார்த்தார்கள். நேரம் கூடினால் ஆட்கள் கூட வாசிப்பார்கள், கூடச் சந்திப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்போம். நடந்தது மறுவளம். நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. தெருவில் ஆண்கள் பெண்களைவிட மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்களுக்கு அடுப்பும் பிள்ளைகளும் நாளை வகுத்துக் கொடுத்தன. ஆண்களுக்கு நாளை வகுத்துக் கொடுத்தது ஆலைச் சங்குதான். உங்கள் கூட்டாளிக்கு இப்போது திங்களும் ஞாயிறும் ஒன்று. "நாளைக்குப் போவம்" என்று ஒரு காகிதப் பை மூலையிலேயே கிடப்பதற்குச் சோம்பல் காரணம் அல்ல.

சிநேகிதமும் அதே மாதிரித்தான். வேலை செய்கிற ஆண்கள் பலர் ஒருவரை ஒருவர் "சந்திப்பதற்காக" சந்திப்பதில்லை. ஷிப்ட் சந்திக்க வைக்கும், தேத்தண்ணிக் கடை சந்திக்க வைக்கும். பாலையூற்றில் இருந்து சீனக்குடாவுக்கு மோட்டர் சைக்கிளில் ஒரு கால் மணித்தியாலம் என்று வையுங்கள். போக வர அரை மணித்தியாலம், கிழமைக்கு ஆறு நாள் என்றால் மூன்று மணித்தியாலம். பின் சீற்றில் இருந்துகொண்டு, முகம் பாராமல், பிள்ளையின் பள்ளிக்கூடம், மாமியாரின் வருத்தம், போர்மனின் குணம் என்று அவர் கதைத்த நேரம் அது. அவ்வளவும் ஒரே நாளில் நின்றுபோய், அதற்குப் பதிலாக இப்போது இருப்பது உங்கள் மிஸ்ட் கோல். அவர் எடுக்கவில்லை என்றால் உங்கள் மீது வெறுப்பு என்று எடுக்க வேண்டாம். கோல் எடுத்தால் என்ன கதைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது, சொன்னால் கோபிக்க வேண்டாம். நீங்கள் நிரந்தரம், அவர் மேன்பவர். ஒரே இரும்பை இரண்டு பேரும் தூக்கினாலும் சம்பளம் இரண்டு, போனஸ் இரண்டு. பத்து வருசமாக அதைத் தேத்தண்ணி முறை மூடி வைத்திருந்தது: இன்றைக்கு நீ, நாளைக்கு நான். அந்த முறைதான் இரண்டு பேரையும் சமமாக்கியது. இப்போது அவரால் முறை கொடுக்க முடியாது. "காசைப் பற்றி யோசிக்காதே, நான் குடுக்கிறன்" என்று நீங்கள் பெரிய மனதோடு சொல்லச் சொல்ல, அவர் அந்தச் சந்தியைச் சுற்றிப் போவார். சந்தையில் மற்றப் பக்கத்தால் போவதும் இதனால்தான், சீட்டினால் மட்டும் அல்ல. நீங்களும் இந்த நாலு மாதத்தில் கொஞ்சம் ஒதுங்கித்தான் இருந்திருப்பீர்கள் என்பது என் ஊகம். வேலை தப்பியவருக்கு வேலை போனவரின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருப்பது வழமை.

ஆகவே இடத்தை மாற்றுங்கள். காசு கொடுக்கிற இடம் எதுவும் வேண்டாம்: கடை, ஹோட்டல், தவறணை மூன்றும் வேண்டாம். கைக்கு வேலை இருக்கிற, இரண்டு பேர் தேவைப்படுகிற, இரண்டு மூன்று மணித்தியாலத்தில் முடிகிற ஒரு காரியம் பாருங்கள். கிணறு இறைப்பது நல்ல காரியம். மாரி மழை தொடங்க முன், தண்ணீர் ஆக அடிக்கு இறங்கியிருக்கிற ஆவணி புரட்டாதியில் ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஒருவர் உள்ளே இறங்க வேண்டும், மற்றவர் மேலே நின்று கயிறு பிடித்து வாளி இழுக்க வேண்டும். தனியாகச் செய்யேலாது என்பதுதான் இதன் அழகு. (பெற்றோல் பம்பை மட்டும் கிணற்றுக்குள் இறக்க வேண்டாம். அதன் புகை கீழே தங்கி ஆளைக் கொல்லும். பம்ப் மேலே, குழாய் மட்டும் உள்ளே.) கிணறு இல்லையென்றால் மழைக்கு முன் கூரைத் தகரத்தின் ஆணி பார்ப்பது, வேலிக் கதியால் மாற்றுவது, ஒரு பின்னேரம் உட்துறைமுகக் கரையில் தூண்டில் போடுவது, கோயில் திருவிழாவுக்கு முன் வீதி துப்புரவாக்குவது, எதுவும் சரி. அவர் பந்து விளையாடுகிற ஆள் என்றால் ஏகாம்பரம் மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள்.

"எப்ப வேணுமெண்டாலும் வா மச்சான்" என்று சொல்வதில் பிரயோசனம் இல்லை, அது வராமல் இருப்பதற்கான அனுமதி. நாளும் நேரமும் சொல்ல வேண்டும், உதவி கேட்பவர் நீங்களாக இருக்க வேண்டும். கோல் எடுக்கமாட்டார், அதனால் வொய்ஸ் மெசேஜ் போடுங்கள், அரை நிமிசத்துக்கு மேல் வேண்டாம்: "மச்சான், சனிக்கிழமை காலமை ஆறரைக்குக் கிணறு இறைக்கப் போறன். மேல நிக்க ஒராள் வேணும். ஆறு மணிக்கு உன்ர கேட்டடிக்கு வாறன். மத்தியானம் வீட்டில சாப்பாடு." சீட்டுப் பற்றி அதில் ஒரு சொல்லும் வேண்டாம். "வேலை ஏதும் சரிவந்ததா" என்றும் கேட்க வேண்டாம். நாளுக்கு நாலு பேர் அவரிடம் அதைத்தான் கேட்பார்கள், சரிவந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார். அவராகத் தொழிற்சாலைக் கதை கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், ஓவர்டைம் கிடைப்பதை மறைத்துப் பேச வேண்டாம். மறைத்தால் கண்டுபிடிப்பார், அது இன்னும் கேவலமாக இருக்கும்.

இதில் பிழைத்துப்போகிற இடம் ஒன்று உண்டு. ஒரு தடவை கிணறு, அடுத்த கிழமை மதில், அதற்கடுத்த கிழமை உங்கள் மச்சானின் வீட்டு கேட் என்று போனால், அவர் சம்பளமில்லாத கூலியாள் ஆகிவிடுவார். இரண்டு சிநேகிதர் செய்கிற வேலைக்குக் காசு வேண்டாம். ஆனால் வெல்டிங் அவருடைய தொழில், அதற்கு ஊர் விலை கொடுங்கள். ஒவ்வொரு இரண்டாவது தடவையும் வேலை அவருடைய வளவில் இருக்கட்டும்.

சீட்டுக்கு வருவோம். காசைக் கேளுங்கள். கேட்டால் சிநேகிதம் போகும் என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கேட்கப்படாத காசுதான் ஆளை ஒளிக்க வைக்கிறது, ஏனென்றால் எந்தச் சந்தியில் எப்போது கேட்பீர்கள் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் கேட்பதற்கு முன் கணக்கை நீங்களே ஒழுங்காகப் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் இப்போது ஒன்பது பேரும் கத்துகிறார்கள், உண்மையில் ஒன்பது பேருக்கும் நட்டம் இல்லை.

அவர் எடுத்தது 1,00,000. கட்டியது 40,000. மிச்சம் 60,000. அதில் 20,000 நீங்கள் போட்டு ஓட்டியது, ஆகவே அது உங்களுக்கு அவர் தர வேண்டிய தனிக் கடன், சீட்டோடு கலக்க வேண்டாம். மிகுதி 40,000 நாலு பேருடையது: இந்த ஏழாம் மாதம் எடுத்தவர், எட்டு, ஒன்பது, பத்தாம் மாதம் எடுக்கப் போகிறவர்கள். ஒவ்வொருவருக்கும் பத்தாயிரம் குறையும். ஏற்கெனவே தங்கள் ஒரு லட்சத்தை எடுத்துவிட்டவர்களுக்கு ஒரு சதமும் குறையவில்லை, அவர்கள் தொடர்ந்து கட்டினால் போதும். ஆகப் பயமான விசயம் அவருடைய பத்தாயிரம் அல்ல. "அவன் கட்டேல்லத்தானே, நாங்கள் ஏன் கட்ட வேணும்" என்று ஏற்கெனவே எடுத்தவர்கள் நிறுத்துவதுதான். அப்படி இரண்டு பேர் நிறுத்தினால் சீட்டு உடையும். எனவே முதலில் அவர்களை வீடு வீடாகச் சந்தித்துக் கணக்கைக் காட்டுங்கள். ஒரு கொப்பியில் பத்துப் பெயரும், மாதமும், எடுத்தது கட்டியதும் எழுதி, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். வட்ஸ்அப் குறூப்பில் இதைக் கதைக்க வேண்டாம். அவருடைய மனைவியின் கண்ணில் பட்டால் வேறு பிரச்சினை.

அந்த நாலு பேரிடமும், 90,000 இப்போது, மிச்சப் பத்தாயிரம் பிறகு என்று சொல்லிப் பாருங்கள். கலியாணம், சத்திரசிகிச்சை என்று நாள் குறித்துக் காத்திருக்கிற ஆள் இருந்தால் அவருக்கு மட்டும் உங்களால் போட முடிந்தால் போடுங்கள். சீட்டுப் பிடிக்கிறவர் பொறுப்பு என்பது ஊர் வழக்கம், அதைத் தட்டமுடியாது. ஆனால் மனைவியின் நகையை அடகு வைத்தோ, வாரக் கடன் எடுத்தோ போட வேண்டாம். அதோடு நீங்களும் அவருடைய நிலைமைக்குத்தான் போவீர்கள்.

அவரோடு கதைப்பது கிணறு இறைத்த நாளில் அல்ல. இரண்டாவது, மூன்றாவது சந்திப்பில், தனியாக, பத்து நிமிசத்தில் முடித்துவிடுங்கள். "எப்ப தருவாய்" என்று கேட்டால் பொய்ச் சொல்லுத்தான் வரும். தொகையோடு போங்கள்: "சீட்டுக்கு நாப்பது நிக்குது, எனக்கு இருபது. என்ர இருபது கடைசியில பாப்பம். சீட்டுக் காசுக்கு மாசம் ரெண்டாயிரம் ஏலுமா? எந்த மாசத்தில இருந்து?" ஆயிரம்தான் ஏலும் என்றால் ஆயிரம். சிறிய தொகை ஒழுங்காக வந்தால் மற்றவர்கள் வாயை மூடுவார்கள். ஈ.டி.எப், பணிக்கொடை கிடைத்தால் அதில் இருந்து நாற்பதாயிரத்தை அடைப்பது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வந்த காசு முழுவதையும் கடனுக்கே உருவ வேண்டாம். மூன்று மாத வீட்டுச் செலவை முதலில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைப் பங்கிடச் சொல்லுங்கள். கடன் அடைத்த கையோடு அரிசிக்கு மறுபடி கடன் வாங்குகிற குடும்பங்கள் நிறைய.

குடியைப் பற்றிய கதை உண்மையா என்று சந்தியில் விசாரிக்க வேண்டாம். காலமை ஆறு மணிக்குக் கேட்டடியில் ஆளைப் பார்த்தாலே தெரியும். கை நடுங்கி, ஒரு போத்தல் போட்ட பிறகுதான் நடுக்கம் நிற்கிறது என்றால் உடம்பு பழகிவிட்டது. அப்படிப்பட்டவரைக் கோயிலில் சத்தியம் செய்ய வைத்து ஒரே நாளில் நிற்பாட்டுவது ஆபத்து. நிற்பாட்டிய ஆறு மணித்தியாலத்தில் இருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் ஆள் மாறிப் பேசுவது, இல்லாததைக் காண்பது தொடங்கலாம். அது பேய் அல்ல, உயிர் போகக்கூடிய வருத்தம், உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் உளநலப் பிரிவில் காட்டி, மருந்தோடு நிற்பாட்டுவதே வழி. பின்னேரத்தில் மட்டும் குடிக்கிற ஆள் என்றால் அவ்வளவு பயம் இல்லை. சனிக்கிழமை காலமை வேலை இருக்கிறது என்பதே வெள்ளி இரவுப் போத்தலைக் குறைக்கும்.

"நான் இல்லாட்டி இவையளுக்கு நல்லம்" என்ற மாதிரி ஏதாவது வாயில் வந்தால் சிரித்து மழுப்ப வேண்டாம். நேரே கேளுங்கள்: "சாகிற யோசனை ஏதும் வருதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. வருகிறது என்றால் அன்று அவரைத் தனியே விடாதீர்கள், வீட்டில் வயலுக்கு வாங்கிய மருந்துப் போத்தல் இருந்தால் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், 1926க்கு அடியுங்கள். தேசிய உளநல நிறுவனத்தின் இலக்கம் அது, எந்த நேரமும் எடுக்கலாம்.

வேலை தேடுவதில் நீங்கள் செய்யக்கூடியது நீங்கள் நினைப்பதைவிடக் கூட. மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் எழுதியது பரவலாகத் தெரிந்தது: ஆட்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது நெருங்கிய சிநேகிதர் அல்ல, எப்போதாவது காண்கிற அறிமுகக்காரர்கள். அமெரிக்காவில் உத்தியோகத்தர்களிடம் செய்த ஆய்வு அது, ஆனால் காரணம் இங்கேயும் பொருந்தும். நீங்களும் அவரும் அதே நாலு பேரைத்தான் அறிவீர்கள், உங்களுக்குத் தெரிந்த வேலை அவருக்கும் தெரியும். ஆகவே தூரத்து ஆட்களிடம் கதையுங்கள்: முந்திச் சேர்ந்து வேலை செய்து இப்போது வேறு இடத்தில் இருப்பவர், ஹாட்வெயார்க்காரர், லொறி ஓட்டுபவர். "ஆள் நல்லவன்" என்று சொன்னால் காணாது. என்ன செய்வார் என்று சொல்லுங்கள்: கிறில், கேட், கூரை ட்ரஸ், காஸ் கட்டிங். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் உப்புக் காற்றுக்குக் கைபிடியும் கேட்டும் வருசா வருசம் கறள் தின்னும். சித்திரை வைகாசியில் சீசன் தொடங்க முன், மாசி பங்குனியில்தான் அவர்கள் திருத்த வேலைக்கு ஆள் தேடுவார்கள்.

தனியாக வேலை எடுக்கிற வெல்டர் முதல் இரண்டு மூன்று வேலையிலும் நட்டப்படுவது ஒரே காரணத்தால்: இரும்பு விலையும் தன் கூலியும் போட்டுவிட்டு, ரொட், கட்டிங் டிஸ்க், பெயின்ட், மெசின் வாடகை, கரண்ட், ஏற்றுக் கூலி ஆறையும் மறந்துவிடுவார். தொழிற்சாலையில் ரொட் ஸ்டோர்ஸில் இருந்து வந்தது, அவர் எண்ணியதே இல்லை. முதல் விலை சொல்லும்போது பக்கத்தில் இருந்து அந்த ஆறையும் எழுத வையுங்கள். சாமான் காசு முழுவதும் முற்பணமாக வாங்காமல் இரும்பு வெட்ட வேண்டாம்.

பத்து வருசம் ஒட்டியும் கையில் சான்றிதழ் இல்லை என்றால், முன் அனுபவத்தை வைத்தே என்.வி.கியூ என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். தொழிற் பயிற்சி அதிகார சபையிலோ, நைட்டா என்கிற தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையிலோ விண்ணப்பித்தால் மதிப்பீட்டாளர் வேலையைச் செய்து காட்டச் சொல்வார். சேவைக் கடிதமும், செய்த வேலையின் படங்களும் ஆதாரம். அந்தப் படங்கள் உங்கள் போனிலும் இருக்கக்கூடும், தேடிப் பாருங்கள். நாலு மாதம் ஹோல்டர் பிடிக்காத கை என்பதால் போக முன் ஒரு பட்டறையில் கேட்டு, 2.5 ரொட்டில் நிலைக்குத்து மூட்டை நாலைந்து தரம் ஒட்டிப் பார்க்கட்டும். தட்டையாகப் போட்ட தகட்டில் பழக்கம் மறக்காது, நிலைக்குத்தில்தான் உருகியது வழிந்து காட்டிக்கொடுக்கும். வெளிநாடு போகிற கதை வந்தால், முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேட்காமல் பாஸ்போட்டைக் கையில் கொடுக்க விட வேண்டாம்.

முதல் சனிக்கிழமை அவர் வராமல் விடலாம், "காச்சல்" என்று ஒரு மெசேஜும் வரலாம். அடுத்த சனிக்கும் அதே நேரம் சொல்லுங்கள், முறைப்பாடு வேண்டாம். இரண்டாவதும் தப்பினால், அவருடைய மனைவிக்கு உங்கள் மனைவி மூலம் சொல்லிவிட்டு, ஞாயிறு பத்து மணி போல் வீட்டுக்கே போங்கள். அன்றைக்குக் கிணறும் வேண்டாம், சீட்டும் வேண்டாம். சம்பளத் துண்டுகள் கிடக்கிற பையை மட்டும் கேட்டு வாங்குங்கள், அதில் இருக்கிற நிற்பாட்டிய திகதியைப் பார்த்து, ஆறு மாதம் எந்த நாளோடு முடிகிறது என்று அவர் வீட்டுக் கலண்டரில் பேனையால் வட்டம் போடுங்கள். அந்த நாளுக்கு இரண்டு கிழமை முந்தி ஒரு வேலை நாளை இரண்டு பேருமாகத் தெரிவுசெய்து, நீங்கள் மறுநாளே லீவுக்கு எழுதிக் கொடுங்கள்.